மார்கரீத்தின் பேத்தி கிரேட்டா: ஒரு பெயர் ஊர் ஊராக மாறும் விதம்

எங்கள் வீடு சேலம் அஸ்தம்பட்டியில், ஏற்காடு பஸ் போகிற சாலையிலிருந்து இரண்டு திருப்பம் உள்ளே இருக்கிறது. பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி, பெயர் மார்கரீத்தம்மாள். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் முப்பது வருஷம் பழம் பறித்தவர். மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறார். போன வருஷம் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. பாட்டி செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்து படத்தைக் காட்டினார். முகமெல்லாம் சிரிப்பு, குரலில் மட்டும் ஒரு குறை.

"கிரேட்டான்னு வச்சிருக்கான் கண்ணு. எம் பேரத்தான் வைக்கறேன்னு சொல்லிட்டிருந்தான். கடைசியில ஏதோ வெள்ளைக்காரப் பேரா பாத்து வச்சுட்டான்."

"பாட்டி, அது உங்க பேருதான்" என்றேன். அவர் நம்பவில்லை. கூட வந்த தங்கை, "எங்கக்கா மார்கழியில பொறந்தா, அதான் மார்கரீத்து. கிரேட்டாவுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்.

அரை மணி நேரம் பேசியும் அன்றைக்கு எனக்குச் சரியாக விளக்க வரவில்லை. யோசித்துப் பார்த்தால், பெயர் விஷயத்தில் நாம் எல்லோருமே மூன்று சங்கதிகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். அதே பெயர், அதே அர்த்தம் உள்ள பெயர், கேட்க அதே மாதிரி இருக்கிற பெயர். குழந்தைக்குப் பெயர் தேடும்போது கிடைக்கிற பட்டியல்களிலும் இந்த மூன்றும் கலந்துதான் கிடக்கின்றன. அதனால் இந்த ஒரு பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

சேர்வராயனும் ஷெவராயும்

நம் மலையிலிருந்தே தொடங்கலாம். ஏற்காட்டு மலை உச்சியில் சேர்வராயன் கோயில் இருக்கிறது. மலைத்தொடருக்கே அந்தச் சாமியின் பெயர்தான். வெள்ளைக்காரர்கள் காப்பி பயிரிட வந்தபோது சேர்வராயன் அவர்கள் வாயில் ஷெவராய் ஆனது, ஏற்காடு யெர்காட் ஆனது. யாரும் புதுப் பெயர் வைக்கவில்லை. காதில் விழுந்ததை நாக்குக்கு வந்தபடி சொன்னார்கள், தங்கள் எழுத்துக்கு வந்தபடி எழுதினார்கள். இன்றைக்கும் வெளியூர்க்காரர்கள் சிலர் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்துவிட்டு, "ஷெவராய் மலை இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்பதுண்டு. அவர்கள் நிற்பதே அந்த மலைமேல்தான்.

இப்படி ஒரே பெயர் ஒலி மாறி இன்னொரு மொழியில் வழங்குவதை அந்தப் பெயரின் வடிவம் என்று சொல்லலாம். ஷெவராய் என்பது சேர்வராயனின் ஆங்கில வடிவம். கிரேட்டா மார்கரீத்தின் ஜெர்மானிய வடிவங்களில் ஒன்று. நடந்தது அதே வேலைதான், படிகள் மட்டும் கொஞ்சம் அதிகம்.

முத்தம்மாளும் மார்கரெட்டும் ஒன்றா?

ஒலியை விட்டுவிட்டு அர்த்தத்தை மட்டும் எடுத்துக்கொள்கிற வழியும் ஒன்று உண்டு. அது மொழிபெயர்ப்பு. தமிழ்க் கத்தோலிக்கர்கள் புனித பவுலைச் சின்னப்பர் என்றார்கள். லத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவர். யோவானை அருளப்பர் என்றார்கள். எபிரேயத்தில் அந்தப் பெயருக்குக் கடவுள் அருளினார் என்று பொருள். இரண்டிலும் ஒலி போய்விட்டது, அர்த்தம் மட்டும் தமிழுக்கு வந்தது. சூசையப்பர் அப்படியில்லை. ஜோசப் என்ற பெயரே தமிழ் நாக்கில் உருண்டு சூசை ஆகியிருக்கிறது. ஆக, ஒரே கோயில் பீடத்தில் மொழிபெயர்ப்பும் வடிவமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, நாம்தான் கவனிப்பதில்லை.

மார்கரெட் என்றால் முத்து. அப்படியானால் நம் ஊர் முத்தம்மாளும் அந்த மார்கரெட்டும் ஒரே பெயரா? இல்லை. ஒரே அர்த்தம் உள்ள, தனித்தனியாகப் பிறந்த இரண்டு பெயர்கள். அதே சமயம் போலந்துக்காரர்களின் மவ்கோஜாத்தா, ஆங்கிலத்தின் பெக்கி இரண்டும் மார்கரெட்டோடு துளிகூட ஒத்துப்போகாதவைபோல் கேட்கும். ஆனால் அவை மார்கரெட்டேதான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: ஒலி வழியாக வந்தது வடிவம், அர்த்தம் வழியாக வந்தது மொழிபெயர்ப்பு. எந்த வழியில் வந்தது என்று தெரிய வேண்டுமானால் பெயர் நடந்துவந்த பாதையைப் பார்க்க வேண்டும். காதில் விழுவதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

முத்துக்குக் கிரேக்கத்தில் பெயர்

கிரேக்கத்தில் முத்துக்கு மார்கரீதேஸ் என்று பெயர். லத்தீன் அதை மார்கரீத்தா என்று எடுத்துக்கொண்டது. இதுதான் நம் பெயரின் வேர்ச்சொல், அதாவது எல்லா வடிவங்களும் கிளைத்துவந்த மூலச்சொல். கிரேக்கர்களுக்கும் இது இரவல்தான். பழைய ஈரானிய மொழி ஒன்றிலிருந்து அங்கே போயிருக்க வேண்டும் என்பது அறிஞர்களில் பெரும்பாலோர் கருத்து. இன்றைய பாரசீகத்திலும் முத்து மொர்வாரீத்தான், பெண் குழந்தைகளுக்கும் அந்தப் பெயரை வைக்கிறார்கள். சமஸ்கிருத மஞ்சரியோடு இதை இணைத்துப் பார்த்தவர்களும் உண்டு.

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அர்ரியன் என்ற கிரேக்க எழுத்தாளர், மெகஸ்தனிஸ் சொன்னவற்றை வைத்து இந்தியாவைப் பற்றி எழுதினார். கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிஸ் கடலெல்லாம் தேடி முத்தெடுத்துத் தன் மகளுக்கு அணியாகக் கொடுத்தான் என்று அதில் வருகிறது. மகளின் பெயர் பண்டையா. அவள் ஆண்ட நாட்டுக்கும் அதே பெயர். பாண்டிய நாட்டின் பெயர்தான் கிரேக்கக் காதில் இப்படி விழுந்திருக்கிறது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். மார்கரீதேஸ் என்பது இந்தியர்களின் மொழியில் முத்துக்குள்ள பெயர் என்றும் அதே இடத்தில் அர்ரியன் எழுதுகிறார். அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, தமிழில் அந்தச் சொல் இல்லை. ஆனால் முத்து என்றதும் அவர்கள் நினைப்பு தென்கடல் பக்கம் வந்திருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் கடல்வணிகக் கையேடான பெரிப்ளஸும் கொற்கையின் முத்துக்குளிப்பைப் பற்றிச் சொல்கிறது.

முத்து என்ற சொல் தமிழில் எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். பேத்திக்குக் கொலுசு வாங்கப் பாட்டியோடு செவ்வாய்ப்பேட்டைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் முதலில் கேட்டது, "முத்து வச்சதா, ப்ளெயினா?" என்றுதான். அங்கே முத்து என்பது கேழ்வரகு அளவிலிருந்து மிளகு அளவு வரைக்குமான வெள்ளிக் குண்டு. ஐந்தாறு ஜோடியை எடுத்துக் காதருகே ஆட்டிக் காட்டினார், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம். அடுத்து, வேப்பமுத்து, ஆமணக்கு முத்து என்றால் விதை. அம்மை கண்டால் முத்து போட்டிருக்கிறது என்போம். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோயிலில் கூடுகிற கூட்டம் அம்மனை முத்துமாரி என்று கூப்பிடுவதும் அந்த வழியில்தான். கடலில் கிடைத்த ஒன்றின் பெயர், உருண்டையாகவோ மினுமினுப்பாகவோ இருக்கிற எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது.

மார்கரீத்தாவும் அப்படியே பரவியது. அராமிக் மொழியில் முத்தைக் குறித்த மர்கானீத்தா, அரபியில் மர்ஜான் ஆகிப் பவளத்தைக் குறிக்கிறது. பிரெஞ்சில் மார்கெரீத் என்றால் ஒரு வெள்ளைப் பூ. இந்தப் பூவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

பொருளின் பெயர் பெண்ணின் பெயரானது

பெயரை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோனவர்கள் புனிதர்கள். அந்தியோக்கியாவின் மார்கரெட் என்பவர் ஆரம்பக் காலத்து வேதசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டவர். பிரசவ வேதனையில் இருக்கும் பெண்களுக்குத் துணை என்று இடைக்கால ஐரோப்பா அவரை நம்பியது. பிள்ளைப்பேற்றில் தாய்மார்கள் நிறைய இறந்துபோன காலம் அது. அவர் பெயர் வீட்டுக்கு வீடு போனதில் ஆச்சரியமில்லை. 1093-ல் இறந்த ஸ்காட்லாந்து ராணி மார்கரெட்டும் புனிதர் ஆனார், அந்த நாட்டில் பெயர் இன்னும் வேர்விட்டது.

நம் பக்கம் வந்த வழி வேறு. இயேசுவின் திருஇருதய பக்தியைப் பரப்பிய மார்கரீத் மரியா அலக்கோக் (1647–1690) பிரான்சு நாட்டுக் கன்னியர். திருஇருதய ஆண்டவர் படம் மாட்டாத கத்தோலிக்க வீடு இங்கே அரிது. சேலம் மறைமாவட்டம் தனியாக அமைந்தது 1930-ல். இந்தப் பகுதியில் ஊழியம் செய்த குருக்களில் பிரெஞ்சுக்காரர்கள் நிறையப் பேர். பாட்டியின் மார்கரீத்தில் அந்தப் பிரெஞ்சு ஓசை அப்படியே இருக்கிறது. மார்கரெட் என்று ட் போட்டு வருவது ஆங்கிலம் வழியாக வந்தது. பாரதியார் குருவாகக் கொண்ட சகோதரி நிவேதிதைகூடப் பிறப்பால் மார்கரெட் எலிசபெத் நோபிள், அயர்லாந்தில் பிறந்தவர். ஒரே குடும்பத்தில் பாட்டி மார்கரீத், அத்தை மார்கரெட் என்று இருந்தால், ஒரே பெயர் இரண்டு கப்பலில் வந்திறங்கியது என்று வைத்துக்கொள்ளலாம்.

நாக்கு செய்கிற வேலை

சரி, ஒலி ஏன் மாறுகிறது? இதற்கு விதிகள் உண்டு, கண்டபடி மாறுவதில்லை. இரண்டை மட்டும் பார்ப்போம்.

சின்னப் பிள்ளைகள் ரப்பரை லப்பர் என்பார்கள், பெரியவர்களும் சொல்வதுண்டு. ஒரே சொல்லில் ர இரண்டு முறை வந்தால் நாக்குக்குச் சிரமம். ஒன்றை ல ஆக்கிவிட்டால் சுலபம். ஒரு சொல்லில் உள்ள இரண்டு ஒரே மாதிரி ஒலிகளில் ஒன்று விலகிப்போவதை மொழியியலில் வேற்றினமாதல் என்கிறார்கள். மார்கரீத்தாவிலும் இரண்டு ர. எபிரேயத்தில் இரண்டாவது ர மாறி மார்கலித் ஆனது. ஜார்ஜியாவில் மார்கலிதா. போலந்தில் முதல் ர மாறியது, பிறகு அந்த ல-வும் கரைந்து வ போல ஒலிக்கத் தொடங்கியது. அதுதான் மவ்கோஜாத்தா. லப்பர் சொல்கிற நம் வீட்டுக் குழந்தையும் போலந்துக்காரரும் செய்தது ஒரே காரியம்.

இரண்டாவது, க நெகிழ்வது. நாம் செவி என்கிறோம், கன்னடத்தில் கிவி. பழைய க ஒலி, இ, எ போன்ற உயிர்களுக்கு முன்னால் வந்தபோது தமிழில் ச ஆகிவிட்டது, கன்னடத்தில் அப்படியே நின்றது. பிரெஞ்சிலும் இதைப் போன்ற ஒரு நெகிழ்ச்சி நடந்து மார்கெரி என்பதிலிருந்த க, ஜ ஆனது. அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனதுதான் மார்ஜரி. மார்ஜரியும் மார்கரெட்டும் இன்றைக்கு ஆங்கிலேயர்களுக்கே இரண்டு பெயர்கள்போல ஆகிவிட்டன, ஆனால் வேர் ஒன்றுதான்.

மற்ற ஊர்களை வேகமாகப் பார்த்துவிடலாம். போர்ச்சுகலில் மார்கரீதா, ஹங்கேரியில் மார்கித், செக் நாட்டில் மார்க்கேத்தா, அயர்லாந்தில் மரேட், டென்மார்க்கில் மார்கிரேத, ஆர்மீனியாவில் மார்கரித். ஆர்மீனிய மொழியில் முத்துக்கும் இன்றுவரை அதே சொல்தான். எபிரேயத்திலும் ஜார்ஜிய மொழியிலும்கூட அந்தச் சொல்லுக்கு முத்து என்ற பொருள் உயிரோடு இருக்கிறது. மற்ற மொழிகள் பலவற்றில் அது வெறும் பெயர், அர்த்தம் அகராதியில்தான்.

சுப்புவும் மணியும்

இப்போது கிரேட்டாவுக்கு வரலாம். சுப்பிரமணி என்ற பெயர் ஒரு வீட்டில் சுப்பு ஆகும், இன்னொரு வீட்டில் மணி ஆகும். முன்பாதி ஒரு செல்லப்பெயர், பின்பாதி இன்னொன்று. பெயர்க் காரணம் தெரியாத ஒருவரிடம் சுப்புவும் மணியும் ஒரே பெயர் என்றால் நம்புவாரா?

மார்கரெட்டும் இப்படித்தான் இரண்டாக வெட்டுப்பட்டது. எந்தப் பாதி பிழைக்கும் என்பதை அழுத்தம் தீர்மானித்தது. அழுத்தம் என்றால், சொல்லில் எந்த அசையை ஓங்கிச் சொல்கிறோம் என்பது. ஆங்கிலத்தில் முதல் அசையை ஓங்கி மார்-கரெட் என்பார்கள். அதனால் முன்பாதி தங்கி மேக், மெக், மார்ஜ், மேகி எல்லாம் வந்தன. ஜெர்மனில் மார்க-ரேத்தெ என்று ரே-யில் அழுத்தம். முன்பக்கம் உதிர்ந்தது, கிரேத்தெ, கிரேட்டா, கிரெட்சென் என்று பின்பக்கம் நின்றது. இத்தாலியில் மார்க-ரீத்தா, ரீ-யில் அழுத்தம். அதிலிருந்து ரீத்தா, நம் ரீட்டா. பின்லாந்திலும் இதே பெயரைச் சுருக்கி ரேத்தா என்று வைக்கிறார்கள்.

ஆமாம், ரீட்டாவும் மார்கரெட்தான். இதை முதலில் தெரிந்துகொண்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். காஷியா நகரத்துப் புனித ரீத்தா 1381-ல் பிறந்தபோது வைத்த பெயர் மார்கரீத்தா. நம் ஊரில் ரீத்தம்மாள், ரீத்தாள், ரீட்டா மேரி என்று எத்தனை பேர்! அதில் முத்து இருப்பது பலருக்குத் தெரியாது.

பெக்கி மட்டும் கொஞ்சம் விசித்திரம். மெக் என்பதை எதுகை போட்டுப் பெக் என்று மாற்றினார்கள். மோலி போலி ஆனதும் இப்படித்தான். கொஞ்சும்போது நாமும் அம்முக்குட்டி பம்முக்குட்டி என்று எதுகைக்கு இழுப்போமே, அந்த மாதிரி ஒரு கொஞ்சல் ஒட்டிக்கொண்டு தனிப் பெயராகவே நின்றுவிட்டது.

சுருக்கமாக: முழுப்பெயரின் ஒலி மொழிக்கு மொழி மாறுகிறது. அப்புறம் அழுத்தம் விழுந்த பாதி மட்டும் தங்கிச் செல்லப்பெயராகிறது. அந்தச் செல்லப்பெயரையே ஒரு நாள் பிறப்புப் பதிவில் எழுதிவிடுகிறார்கள். மூன்று படியும் முடிந்தபின் பார்க்கிறவருக்கு உறவு தெரிவதில்லை. பாட்டிக்குத் தெரியாமல் போனதும் இதனால்தான்.

டெய்சி

நினைவில் வைக்கச் சொன்ன வெள்ளைப் பூ இப்போது வருகிறது. மே மாதக் கோடை விழாவில் ஏற்காடு அண்ணா பூங்காவுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், மஞ்சள் பொட்டு வைத்த வெள்ளைப் பூ, டெய்சி. பழைய ஆங்கிலத்தில் பகலின் கண் என்று பொருள், காலையில் விரிந்து இரவில் மூடிக்கொள்வதால். அந்த வகைப் பூவுக்குப் பிரெஞ்சில் மார்கெரீத் என்று பெயர் இருந்ததால், ஆங்கிலக் குடும்பங்களில் மார்கரெட்டை விளையாட்டாக டெய்சி என்று அழைத்தார்கள். டென்மார்க்கை 1972 முதல் 2024 வரை ஆண்ட ராணி இரண்டாம் மார்கிரேதவுக்கு வீட்டில் டெய்சி என்றே பெயர்.

ஆக டெய்சி ஒலியில் வந்த வடிவம் இல்லை. ஒரு பூ வழியாக அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்த செல்லப்பெயர். எல்லா டெய்சியும் மார்கரெட் என்றும் சொல்லிவிட முடியாது, வெறும் பூப்பெயராக வைத்தவர்களும் உண்டு.

காதுக்கு மட்டும் உறவு

கேட்க ஒன்றுபோல் இருந்தும் வேர் வேறாக இருப்பதைப் போலி ஒற்றுமை என்று வைத்துக்கொள்வோம். மார்கழி அதில் முதல் வரிசை. மிருகசீரிடம் என்ற நட்சத்திரத்தின் பெயரிலிருந்து வந்த மாதப்பெயர் அது, முத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பாட்டி மார்கழியில் பிறந்தது உண்மை, ஆனால் பெயருக்குக் காரணம் அதுவல்ல.

மேகி நூடுல்ஸும் மார்கரெட்டின் மேகி இல்லை. அது ஜூலியஸ் மேகி என்ற சுவிட்சர்லாந்துக்காரரின் குடும்பப்பெயர். வேப்ப மரத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் மார்கோசா என்ற பெயர், கசப்பு என்று பொருள்படும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தது, அதுவும் வேறு. மாறாக, பேக்கரியில் பப்ஸுக்குப் போடுகிற மார்கரின் உண்மையான சொந்தம். 19-ஆம் நூற்றாண்டில் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், கொழுப்பிலிருந்து பிரித்த ஒரு பொருள் முத்துபோல் மினுங்குவதைப் பார்த்துக் கிரேக்கச் சொல்லை வைத்துப் பெயரிட்டார்.

ஆவணத்தில் இது செல்லாது

ஒரு எச்சரிக்கை. மொழிக்கு மார்கரீத்தும் மார்கரெட்டும் ஒன்று, ஆனால் அரசாங்கக் காகிதத்துக்கு அப்படியில்லை. பாட்டியின் ரேஷன் அட்டையில் ஒரு எழுத்து, வாக்காளர் அட்டையில் இன்னொன்று, தோட்டத்துச் சம்பளப் புத்தகத்தில் ரீத்தம்மாள். மூன்றும் ஒரே ஆள்தான் என்று புரியவைக்க ஒரு அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தோம். கடைசியில் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்து முடிந்தது. உங்கள் வீட்டிலும் மார்கரெட்டோ ரீட்டாவோ இருந்தால் எல்லா அட்டையிலும் ஒரே எழுத்தா என்று இப்போதே பார்த்துவிடுங்கள், தேவைப்பட்டால் அரசிதழில் பெயரைத் திருத்திக்கொள்ளலாம். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, பென்ஷன் வரும்போதுதான் இந்த ஒரு எழுத்தின் அருமை தெரிகிறது.

போன மாதம் பேத்திக்கு முதல் பிறந்தநாள். பூசைக் கருத்து, அதாவது பூசையில் வாசிக்கிற வேண்டுதல், எழுதிக் கொடுக்கப் பாட்டியோடு கோயிலுக்குப் போனேன். சீட்டில் எழுதச் சொன்னார், கிரேட்டா மார்கரீத் என்று.

"ரெண்டும் ஒண்ணுதான பாட்டி" என்றேன்.

"எனக்குத் தெரியும் கண்ணு. வாசிக்கற சாமியாருக்குத் தெரியணுமில்ல" என்றார்.